இருபத்திரண்டு பேர் போதும்: நம் பாலிடெக்னிக்கில் ஒரு போட்டி பேண்ட் தொடங்க வழி

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவர் ஒருவர்)



பேண்ட் என்றவுடன் நமக்கெல்லாம் ஞாபகம் வருவது இரண்டுதான். ஒன்று, ஆகஸ்ட் 15 அன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது வாசிக்கிற பேண்ட். இன்னொன்று, கல்யாண ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வருகிற பேண்ட் செட். இரண்டிலும் யாரும் யாரோடும் போட்டி போடுவதில்லை. வாசித்தார்கள், போனார்கள், அவ்வளவுதான். ஆனால் கபடி மாதிரி, வாலிபால் மாதிரி, பேண்டையும் மார்க் போட்டு, ஜெயித்தது யார், தோற்றது யார் என்று சொல்கிற விளையாட்டாகவே சில நாடுகளில் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் டிரம் அண்ட் பியூகிள் கோர். அதை நம் ஆவுடையார்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் சேர்ந்து, சின்ன அளவில் செய்ய முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரை. முடியும் என்பது என் கட்சி. எப்படி என்று கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள், பட்டாளத்தில் பழகிய டிரம்மையும் பியூகிளையும் விட மனமில்லாமல் ஊருக்கு ஊர் குழு அமைத்தார்கள். 1920-களில் இந்தக் குழுக்களுக்குள் போட்டிகள் நடந்தன. பிறகு சிப்பாய்களின் இடத்துக்கு இளவட்டங்கள் வந்தார்கள். 1971-இல் குழுக்களின் தலைவர்களே கூடி 'டிரம் கோர் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். அதன் முதல் சாம்பியன்ஷிப் 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டர் என்ற சின்ன ஊரில் நடந்தது. அனஹைம் கிங்ஸ்மென் என்ற குழு ஜெயித்தது. ரொம்ப காலம் ஒரு குழுவுக்கு 128 பேர்தான் உச்சவரம்பு. பிற்பாடு அது 150 வரை போனது, பிறகு இன்னும் கூடியது. வயது வரம்பும் உண்டு, 21 தாண்டினால் அடுத்த வருஷம் ஆட முடியாது. நம் வயதுப் பிள்ளைகளின் விளையாட்டு அது. ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று ஆசியாவிலும் இந்தப் பழக்கம் பரவியிருக்கிறது.

128 பேர், 150 பேர் என்றதும் பயப்பட வேண்டாம். சின்னக் குழுக்களுக்கென்றே அவர்கள் சவுண்ட்ஸ்போர்ட் என்ற தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அதில் எல்லாக் குழுக்களுக்கும் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுத்து அனுப்புகிறார்கள். நாம் தொடங்க வேண்டியது அந்த அளவில்தான்.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமானது பள்ளிகளுக்கான தேசிய பேண்ட் போட்டி. மாநிலம், மண்டலம், தேசியம் என்று மூன்று படி. பித்தளை பேண்ட், பைப் பேண்ட் இரண்டும் உண்டு, பெண்களுக்குத் தனி அணி உண்டு. இறுதிச் சுற்று குடியரசு தினத்தை ஒட்டி டெல்லியில். கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஆனால் அது பள்ளிப் பிள்ளைகளோடு முடிந்துவிடுகிறது. பத்தாவது முடித்துவிட்டு டிப்ளமோவுக்கு வருகிற நமக்கு அந்தக் கதவு சாத்தியாச்சு. பள்ளியில் நாலு வருஷம் சைடு டிரம் அடித்த கை இங்கே வந்து டிராப்டர் பிடிப்பதோடு நின்று போகிறது. நம் வகுப்பில் மட்டும் இப்படி ஐந்து பேர் இருக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பேண்ட் என்றால் காசு என்று எல்லோரும் சொல்வார்கள். காசு எங்கே போகிறது? வால்வு வைத்த டிரம்பெட், டிராம்போன், யூஃபோனியம் இவற்றில்தான். வால்வே இல்லாத பியூகிள் விலையும் குறைவு, ரிப்பேரும் குறைவு. நடுவில் அசையும் பாகமே கிடையாதே, என்ன கெட்டுப்போகும்? ஒடுக்கு விழுந்தால் தட்டி எடுக்கலாம், ஷீட் மெட்டல் ஷாப்பில் நமக்குத் தெரியாத வேலையா? அமெரிக்காக்காரர்களே ரொம்ப காலம் வால்வு விஷயத்தில் கட்டுப்பாடாகத்தான் இருந்தார்கள். 1977-இல்தான் இரண்டு வால்வு, 1990-இல்தான் மூன்று வால்வு, 2000-க்குப் பிறகுதான் எந்தச் சுருதி பித்தளை வாத்தியமும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

வால்வு இல்லாவிட்டால் பாட்டு எப்படி வரும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கேதான் முதலாமாண்டு பிசிக்ஸ் உதவுகிறது.

பியூகிள் என்பது சுருட்டி வைத்த ஒரு கூம்புக் குழாய். அதன் அதிர்வெண்ணுக்கு நாம் படித்த சூத்திரமே போதும்: ஒலியின் வேகத்தை, குழாய் நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். (ஒரு முனையை உதடு அடைத்திருக்கிறதே, மூடிய குழாய்ச் சூத்திரம் அல்லவா போட வேண்டும் என்று சிலர் எழுந்து நிற்பீர்கள். கூம்பு வடிவத்தில் கணக்கு மாறுகிறது, எல்லா ஹார்மோனிக்ஸும் வருகிறது.) பட்டாளத்து பியூகிளின் சுருதி பி-பிளாட். குழாய் நீளம் கணக்குப்படி 1.47 மீட்டர் வரும். ஒலி வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று வைத்தால் அடிப்படை அதிர்வெண் சுமார் 116.6. அதை யாரும் வாசிப்பதில்லை. உதட்டை இறுக்க இறுக்க அதன் 2, 3, 4, 5, 6 மடங்குகள் வரும்: 233, 350, 466, 583, 700. ஆக ஐந்து ஒலி. பாட்டுக்காரர் பாஷையில் சொன்னால் ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப. பெயரில் ஐந்து, சுரத்தில் மூன்றுதான்: ச, க, ப. நம் கோவில்களில் ஊதும் எக்காளம், கொம்பு, தாரை எல்லாமே இதே விதியில்தான் வேலை செய்கின்றன.

மூன்று சுரத்தில் சல்யூட் அடிக்கலாம், கொடி இறக்கலாம், பாட்டு வாசிக்க முடியாது. சரி, பட்டாளத்தில் இன்னொரு வகையும் உண்டு. குதிரைப்படைக்கு ஈ-பிளாட் டிரம்பெட், அதுவும் வால்வு இல்லாதது, குழாய் நீளம் கணக்குப்படி 2.2 மீட்டர். அதன் அடிப்படை சுமார் 78. மடங்குகளில் நமக்கு வேண்டியவை 4, 5, 6, 8. அதாவது 311, 389, 467, 622.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். ஈ-பிளாட்டை (311) 'ச' என்று வைத்துக்கொண்டு இரண்டு வாத்தியத்தின் ஒலிகளையும் வரிசையாக அடுக்குங்கள். 311 டிரம்பெட்டில் ச. 350 பியூகிளில் ரி. 389 டிரம்பெட்டில் க. 466 இரண்டிலும் ப. 583 பியூகிளில் நி. 622 டிரம்பெட்டில் மேல் ச. ச ரி க ப நி ச! சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், காகலி நிஷாதம். பாட்டுத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம், இது அப்படியே ஹம்சத்வனி ராகம். 'வாதாபி கணபதிம்' இருக்கிற ராகம்.

நோட்டில் இதைப் போட்டுப் பார்த்தபோது நானே இரண்டு தடவை சரிபார்த்தேன். வால்வு இல்லாத இரண்டு பித்தளைக் குழாய், ஆளுக்குப் பாதி ராகம் வைத்திருக்கின்றன. ஒருவர் தனியாக நின்றால் பாட்டே இல்லை. இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஊதினால் முழு ராகம். கட்டட வேலையில் செங்கலைக் கைமாற்றிக் கொடுக்கிற மாதிரி ச-வை இவன் கொடுக்க, ரி-யை அவள் வாங்கி, க-வை இவன் வாங்க வேண்டும். ஆரம்பத்தில் நிமிஷத்துக்கு 60 தட்டு வேகத்தில் பழகினால் போதும். கமகம் வராது, வரவும் வேண்டாம். சுரத்தை நேராக நிறுத்தி வாசித்தாலும் கேட்க நன்றாக இருக்கும் ராகங்களில் இது ஒன்று.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஹம்சத்வனியை உண்டாக்கியவர் ராமசாமி தீட்சிதர் (1735-1817) என்பார்கள். அவர் மகன் முத்துசாமி தீட்சிதர் (1775-1835) சென்னைப் பக்கம் மணலியில் இருந்த காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரன் பேண்ட் வாசிப்பதைக் கேட்டிருக்கிறார். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். சுமார் 40 இருக்கின்றன, நோட்டுஸ்வரம் என்று பெயர். இன்றைக்கும் பாட்டு கிளாஸில் சின்னப் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லித் தருகிறார்கள். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798-1832) அரண்மனையிலேயே மேல்நாட்டு பேண்ட் வைத்திருந்தார். ஆகவே பேண்ட் நமக்குப் புதுசு என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் பக்கத்தில் அது இருநூறு வருஷத்துச் சரக்கு.

வாங்குவதில் ஒரே ஒரு எச்சரிக்கை. நாட்டிலேயே பேண்ட் வாத்தியத் தொழிலுக்குப் பேர் போனது உத்தரப் பிரதேசத்து மீரட். அங்கே 1885 முதல் இந்தத் தொழில் செய்கிற கம்பெனியே இருக்கிறது. மீரட் பியூகிளுக்கு 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கே வாங்கினாலும் எல்லா பியூகிளையும் ஒரே தயாரிப்பில், ஒரே தடவையில் வாங்க வேண்டும். கண்காட்சிக்கு வைக்கிற அலங்கார பியூகிளைத் தலையில் கட்டிவிடுவார்கள், ஜாக்கிரதை. போனில் டியூனர் போட்டு 466 வருகிறதா என்று ஊதிப் பார்த்துத்தான் பில் போடச் சொல்ல வேண்டும். குழாய் நீளம் ஒரு சதவீதம், அதாவது ஒன்றரை சென்டிமீட்டர், வித்தியாசப்பட்டால் சுருதியும் ஒரு சதவீதம் போச்சு. ஆறு பேர் சேர்ந்து ஊதும்போது அது காதைக் கிழிக்கும்.

வெயிலும் ஒரு ஆள். ஒரு டிகிரி கூடினால் ஒலி வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். 20 டிகிரியில் 343 என்றால் நம்மூர் சித்திரை மாதத்து 35 டிகிரியில் 352. இது சுருதியை அரை சுரத்தில் கிட்டத்தட்ட பாதி தூக்கும். வாயிலிருந்து போகும் காற்றும் சூடுதான் என்பதால் நிஜத்தில் இவ்வளவு வராது. இருந்தாலும் வாத்தியத்தை வெயிலில் போட்டுவிட்டு நேரே வந்து ஊதக்கூடாது.

ஊதப் பழகுவது பற்றி இரண்டு வார்த்தை. சின்னப் பிள்ளைகள் லாரி ஓட்டுகிற மாதிரி 'டுர்ர்ர்' என்று உதட்டை அதிர வைப்பார்களே, அது தளர்ந்த உதடு. நமக்கு வேண்டியது ஓரம் இறுகிய உதடு, நடுவில் மட்டும் அதிர்வு. மவுத்பீஸை மட்டும் கையில் வைத்துப் பத்து நாள் பழகலாம். இருபது நிமிஷத்துக்கு மேல் தொடர்ந்து ஊதினால் உதடு செத்துவிடும், அப்புறம் எவ்வளவு காற்று கொடுத்தாலும் வராது. ஒருத்தர் மவுத்பீஸை இன்னொருத்தர் வைத்து ஊதக்கூடாது. இதில் சிநேகிதமெல்லாம் பார்க்க வேண்டாம்.

அடுத்தது டிரம். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைடு டிரம்முக்கு உலகம் முழுக்க 40 அடிப்படைப் பாடம் இருக்கிறது. அதில் நாலு தெரிந்தால் நமக்கு முதல் வருஷத்துக்குப் போதும். ஒற்றை அடி: வலது, இடது, வலது, இடது. இரட்டை அடி: வலது வலது, இடது இடது. மூன்றாவது பாரடிடில்: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. வாயால் சொல்ல தகதிமி தகஜுணு என்று சொல்லிக்கொள்ளுங்கள், கை தானாக வரும். நாலாவது ஃப்ளாம்: பெரிய அடிக்கு ஒரு நூல் முன்னால் இன்னொரு கையால் சின்ன அடி. இதற்கு டிரம்மே வேண்டாம். ஒரு அடி சதுர பிளைவுட், மேலே பழைய லாரி டியூபை இழுத்து ஆணி அடித்தால் பிராக்டிஸ் பேட் ரெடி. கார்பென்டரி ஷாப்பில் ஒரு மதியத்தில் பத்து செய்யலாம்.

எங்கள் அப்பா தப்பு அடிப்பவர். சாவுக்கும் அடிப்பார், அம்மன் கோவில் திருவிழாவுக்கும் அடிப்பார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான். பேண்டில் சேரப் போகிறேன் என்றதும் அம்மா சொன்னது இதுதான்: "இந்தக் கொட்டு வேணாம்னுதானடா உன்னைப் படிக்க வச்சோம்." எனக்கு உடனே பதில் வரவில்லை. பள்ளியில் சைடு டிரம் அடித்ததற்கு மேடையில் சர்டிபிகேட் கொடுத்தார்கள். அதே தாளத்தை அப்பா தப்பில் அடித்தால் பந்தலுக்கு வெளியே நின்று காசு வாங்க வேண்டும். தோல் ஒன்றுதான், கை ஒன்றுதான். போட்ட சட்டையும் நின்ற இடமும்தான் வேறு.

ஆகவே என் கோரிக்கை, நம் பேண்டில் தப்பும் இருக்க வேண்டும். இரக்கப்பட்டுச் சேர்க்கச் சொல்லவில்லை, சத்தத்துக்காகச் சொல்கிறேன். சைடு டிரம்மில் இரண்டு குச்சியும் ஒரே மாதிரி. தப்பில் வலது கை அடிக்குச்சி குட்டை, கனமானது. இடது கை சிண்டுக்குச்சி நீளம், மெல்லியது. ஒரே தோலில் இரண்டு குரல் வரும். திறந்த மைதானத்தில் அந்த இரண்டாவது குரல் ஊசி மாதிரி தூரம் போகும். அப்பாவிடம் பேடில் பாரடிடில் அடித்துக் காட்டினேன். "கை சரியா இருக்குப்பா, நடை இல்லை" என்றார். பிறகு அதே எட்டு அடியை, எதை அழுத்துவது, எதை விடுவது என்று மட்டும் மாற்றி அடித்தார். வேறு பாட்டாகிவிட்டது. தப்பு வைத்தால் ஒரு தொந்தரவும் உண்டு. ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும், வாசிக்கும் முன் தீயில் காய்ச்ச வேண்டும். சைடு டிரம்மில் அந்த வேலையை மரை போட்ட போல்ட் செய்கிறது. போட்டி அன்று மைதானத்து ஓரத்தில் கொஞ்சம் வைக்கோல் கொளுத்த அனுமதி வாங்கிவிட்டால் தீர்ந்தது.

தாளத்தில் நம் மாவட்டம் யாருக்கும் இளைத்ததில்லை. கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக ஆக்கியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. விளக்குப் பிடிக்கிற வேலையில் இருந்தவர், தவில்காரர் ஒருவரிடம் லயம் கற்றார் என்று சொல்வார்கள். அவர் சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் பேர் வாங்கினார். 'புதுக்கோட்டை பாணி' என்று சங்கீதக்காரர்கள் இன்றும் சொல்வது இவர்கள் வழியைத்தான்.

ஆட்கணக்கு இப்படி: பி-பிளாட் பியூகிள் 6, ஈ-பிளாட் டிரம்பெட் 4, சைடு டிரம் 2, தப்பு 2, டெனர் டிரம் 1, பேஸ் டிரம் 1, சிம்பல் 1, கொடி 4, டிரம் மேஜர் 1. மொத்தம் 22. பாதிப் பேராவது மாணவிகளாக இருக்க வேண்டும். பியூகிளுக்கு மூச்சு வேண்டும், மீசை வேண்டியதில்லை.

நடை. என்.சி.சி. நடையில் ஒரு எட்டு 30 அங்குலம், நிமிஷத்துக்கு 120. குதிகாலைத் தரையில் அடிப்போம். வாயில் பித்தளை வைத்துக்கொண்டு அப்படி அடித்தால் பல்லில் இடிக்கும். டிரம் கோர் நடையில் 15 அடிக்கு எட்டு எட்டுகள், அதாவது எட்டு ஒன்றுக்கு 22½ அங்குலம். குதியை மெதுவாக வைத்து விரல் வரை பாதத்தை உருட்ட வேண்டும். இடுப்புக்கு மேல் தண்ணீர்க்குடம் வைத்த மாதிரி ஆடாமல் வரணும். மைதானத்தில் 15 அடிக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டால் யார் தப்புகிறார் என்று உடனே தெரிந்துவிடும். ஐந்து நிமிஷ நிகழ்ச்சிக்கு 600 தட்டு. எட்டு எட்டாகப் பிரித்தால் 75 துண்டு. நாளைக்கு நாலு துண்டு பழகினால் 19 நாளில் முழுசும் வந்துவிடும்.

இன்னொன்று. டிரம்முக்கும் முன்வரிசைக்கும் நடுவே 30 மீட்டர் இருந்தால், சத்தம் போய்ச் சேர 0.09 நொடி ஆகும். 120 வேகத்தில் ஒரு தட்டுக்கு அரை நொடி. ஆக ஐந்தில் ஒரு பங்கு தட்டு போச்சு. அதனால் டிரம்மைப் பின்னால் நிறுத்தி, பியூகிள்காரர்கள் பின்னாலிருந்து வரும் சத்தத்தைக் காதால் வாங்கி அதோடு ஊத வேண்டும். முன்னால் நிற்பவர் பக்கத்து ஆளையோ எதிரொலியையோ நம்பினால் பார்வையாளருக்கு இரண்டு பேண்ட் வாசிக்கிற மாதிரி கேட்கும்.

மார்க் விஷயம். அமெரிக்காவில் 1980-களின் நடுப்பகுதி வரை தவறு எண்ணித்தான் மார்க். ஒரு தவறுக்கு 0.1 கழிப்பார்கள். அதனால் பயந்து பயந்து சுலபமானதையே வாசித்தார்கள். பிறகு கூட்டி மார்க் போடும் முறை வந்தது. மொத்த விளைவுக்கு 40, பார்வைக்கு 30, இசைக்கு 30. நாமும் இதையே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு பழக்கம். நடுவர் பார்த்துக்கொண்டே பேசி, அதைப் பதிவு செய்து குழுவிடமே கொடுத்துவிடுவார். எந்த இடத்தில் யார் கால் பிசகியது என்று அவர் குரலிலேயே கேட்கலாம். இப்போது கையில் போன் இருக்கிறது, இதற்குச் செலவே இல்லை.

போட்டி என்றால் எதிராளி வேண்டுமே. பக்கத்துப் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., கலைக் கல்லூரி என்று இரண்டு இடத்துக்கு எழுதிப் போடலாம். விதி மூன்று வரி போதும்: 24 பேருக்கு மேல் கூடாது, ஐந்து முதல் ஆறு நிமிஷம், வால்வு வைத்த வாத்தியம் கூடாது. மூன்றாவது விதி இல்லாவிட்டால் பணம் உள்ள கல்லூரிதான் ஜெயிக்கும்.

யூனியன் பொதுக்குழுவில் இதை வைக்கப்போகிறோம். முதல் பருவத்தில் பேடும் நடையும் மட்டும், அதற்கு யூனியன் நிதியே வேண்டாம். இரண்டாம் பருவத்தில் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி இரண்டு பியூகிள், இரண்டு டிரம்பெட். ஹம்சத்வனி காதுக்குக் கேட்டபிறகு மீதியைப் பற்றி பேசுவோம். டே-ஸ்காலர்கள் அறந்தாங்கி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் பயிற்சி சாயங்காலம் ஒரு மணி நேரம்தான், பரீட்சைக்கு முந்தைய மூன்று வாரம் கிடையாது. அரியர் வைத்தவர்கள் முதலில் அதை எழுதி முடிக்கட்டும்.

வருகிற கல்வியாண்டு திறந்த முதல் சனிக்கிழமை மதியம் கார்பென்டரி ஷாப்புக்கு வாருங்கள். பிளைவுட் துண்டு இருக்கிறது, சாரிடம் அனுமதி வாங்கியாச்சு. வரும்போது ஆளுக்கொரு பழைய டியூப் கொண்டுவாருங்கள். சைக்கிள் டியூப் ஆகாது, லாரி டியூப். தப்புப் பழகணும் என்கிறவர்களுக்கு அப்பா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஊரில் சாவு விழுந்தால் மட்டும் வரமாட்டார்.